ஆண்டுக் கணக்கும் நிபந்தனைத் தாளும்

இணையத்தில் ஒரு குழந்தையோடு பேச்சுக் கொடுத்துப் பழகி, நம்பிக்கையைச் சம்பாதித்து, மெல்ல மெல்லப் பாலியல் நோக்கத்துக்கு வளைப்பதைச் சட்ட உலகம் ‘குரூமிங்’ என்கிறது. இந்தக் குற்றத்துக்காக ஒருவர் தண்டிக்கப்பட்டால் மறுநாள் செய்தித் தலைப்பில் வருவது ஓர் எண்தான்: மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் அந்த எண்ணை நீதிபதி வாசித்து முடித்த பிறகு பெரும்பாலும் இன்னொரு தாளும் கையெழுத்தாகும். வரிசை எண் போட்ட சில வாக்கியங்கள். எந்த மாதிரிக் கைபேசி வைத்துக்கொள்ளலாம், எதை அழிக்கக் கூடாது, யாரோடு தனியே இருக்கக் கூடாது, போலீஸ் வந்து கேட்டால் எதைக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தலைப்பாகப் போடுகிற பத்திரிகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் தண்டிக்கப்பட்டவர் சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அவருக்கும் குழந்தைகளுக்கும் நடுவே நிற்கப்போவது அந்தத் தாள்தான். நீதிபதிக்கு உண்மையிலேயே கடினமான வேலையும் அதை எழுதுவதுதான் என்பது என் எண்ணம். ஆண்டுகளைக் கணக்கிட வழிகாட்டி நெறிகளும் அட்டவணைகளும் இருக்கின்றன. மாறிக்கொண்டே இருக்கும் தொழில்நுட்பத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி ஒரு தடை வாக்கியத்தை எழுத எந்த அட்டவணையும் உதவாது.

முதலில் ஆண்டுகள். இங்கிலாந்து, வேல்ஸில் அடிப்படைச் சட்டம் 2004 மே 1இல் நடைமுறைக்கு வந்த 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டம். அதன் 15ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய ஒருவர் 16 வயதுக்குட்பட்ட குழந்தையோடு தொடர்புகொண்ட பின், பாலியல் குற்றம் செய்யும் எண்ணத்தோடு அக்குழந்தையைச் சந்தித்தாலோ, சந்திக்கக் கிளம்பினாலோ அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறை என்கிறது. ரயில் ஏறினாலே குற்றம் முழுமையாகிவிடும். போய்ச் சேர வேண்டியதில்லை. தொடக்கத்தில் குறைந்தது இரண்டு முறையாவது தொடர்புகொண்டிருக்க வேண்டும் என்றிருந்தது. 2015இல் ஒருமுறையே போதும் என்று திருத்தினார்கள்.

ஆனால் ரயிலே ஏறாதவரை என்ன செய்வது? இந்தக் குற்றத்தைச் செய்கிறவர்களில் பலர் அறையை விட்டு நகர்வதே இல்லை. திரையிலேயே தொடங்கி, திரையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் நல அமைப்பான என்எஸ்பிசிசி இதைச் சொல்லித்தான் இயக்கம் நடத்தியது. விளைவு, 15ஏ என்ற புதிய பிரிவு. குழந்தைக்குப் பாலியல் தன்மையுள்ள செய்தி அனுப்புவதே குற்றம்; அதிகபட்சம் 2 ஆண்டு. நாடாளுமன்றம் 2015இல் நிறைவேற்றிய இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 3இல்தான். இடையில் போன இரண்டு ஆண்டுகளுக்கு உருப்படியான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அந்த 2 ஆண்டு உச்சவரம்பை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே உரையாடலில், கேமரா முன் இன்னதைச் செய் என்று குழந்தையைத் தூண்டும் ஒரு வரி இருந்தால், அது 10ஆம் பிரிவுக்குப் போய்விடும். அங்கே அதிகபட்சம் 14 ஆண்டு. குழந்தை 13 வயதுக்குட்பட்டது என்றால் 8ஆம் பிரிவு; அதன் கடுமையான வடிவத்துக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆகவே இத்தகைய வழக்குகளில் அரசு வழக்கறிஞரின் முதல் வேலை வாசிப்பு. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அச்செடுத்த அரட்டையில் ‘என்ன சாப்பிட்டாய்’, ‘அம்மா தூங்கிவிட்டார்களா’ ஆகியவற்றுக்கு நடுவே எந்த வரி எந்தப் பிரிவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ‘அம்மா தூங்கிவிட்டார்களா’ என்ற கேள்வி தனியாகக் குற்றமாகாது. ஆனால் திட்டமிட்டுக் குழந்தையை வசப்படுத்தியிருப்பது குற்றப்பொறுப்பைக் கூட்டும் அம்சம் என்று தண்டனை வழிகாட்டி நெறிகள் சொல்வதால், அந்த வரிக்கும் எடை உண்டு.

இன்னொன்று நற்பெயர். இந்த வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் முன்குற்றம் எதுவும் இல்லாதவராகவும், அக்கம்பக்கத்தில் ‘நல்ல மனுஷன்’ என்று பெயரெடுத்தவராகவும் இருப்பார். 14 ஆண்டும் அதற்கு மேலும் உச்சவரம்புள்ள குற்றங்களில் அந்த நற்பெயருக்குப் பெரிய சலுகை தர வேண்டியதில்லை என்கின்றன வழிகாட்டி நெறிகள். அந்தப் பெயரை வைத்தே குழந்தையை நெருங்கியிருந்தால் அது அவருக்கு எதிராகவே திரும்பலாம். சரியான நெறி. நல்லவர் என்ற பெயர்தான் இங்கே பல சமயம் குற்றத்தின் கருவி.

குழந்தையே இல்லாத வழக்குகள் தண்டனைச் சட்டத்தை இன்னும் அதிகமாகச் சோதித்தன. மறுமுனையில் 13 வயதுச் சிறுமி என்று நம்பி ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். உண்மையில் அங்கே இருப்பவர் ஒரு காவல் அதிகாரி. 1981ஆம் ஆண்டுக் குற்ற முயற்சிகள் சட்டத்தின்படி, நடக்கவே முடியாத குற்றத்துக்கு முயன்றாலும் முயற்சி முயற்சிதான். ஆகவே குற்றத் தீர்ப்பில் சிக்கல் இல்லை. சிக்கல் தண்டனையில். பாதிப்பு எவ்வளவு என்பதை வைத்தே வழிகாட்டி நெறிகள் படிநிலை வகுத்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவரே இல்லை என்றால் எந்தப் படியில் வைப்பது? பல ஆண்டுகள் இவற்றைக் கடைசிப் படியில் வைக்கும் போக்கு இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பிரிவெட் வழக்கிலும், 2021இல் ரீட் வழக்கிலும் இதைத் திருப்பிப் போட்டது. என்ன நடந்தது என்று தொடங்காதே, என்ன நடக்க வேண்டும் என்று குற்றவாளி எண்ணினார் என்பதில் தொடங்கு. அதன்பின் அது நடக்காமல் போனதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றது. தண்டனை வழிகாட்டிக் குழுவும் 2022 மே 31 முதல் தன் நெறிகளை அதற்கேற்ப மாற்றியது. தானே மனம் மாறி விலகியவருக்குக் கணிசமான குறைப்பு கிடைக்கலாம். எதிர்முனையில் இருந்தது போலீஸ் என்பதால் மட்டும் தப்பியவருக்கு மிகச் சிறிதே.

இதில் எனக்கு உடன்பாடுதான். மறுமுனையில் யார் இருந்தார் என்பது குற்றவாளிக்கு வாய்த்த தற்செயல். அதற்கு அவருக்குத் தள்ளுபடி தருவதில் நியாயமில்லை. ஆனால் எண்ணத்தை அளவுகோலாக்கியதும் சாட்சியத்தின் சுமை முழுவதும் அந்த அரட்டைப் பதிவின் மேல் ஏறிவிடுகிறது. காவல் துறையினர் என்றால் எதை முதலில் சொல்லலாம், எதைத் தூண்டக் கூடாது என்பதற்கு விதிகள் உண்டு. பிரிட்டனில் போலீஸுக்கு இணையாகத் தாமே களம் இறங்கியிருக்கும் ‘வேட்டைக் குழு’க்களுக்கு அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. குழந்தை வேடத்தில் பேசி, வரவழைத்து, வளைத்துப் பிடித்து, அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகவும் விடுகிறார்கள். அப்படி முகம் காட்டப்பட்டவர்களில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதும் உண்டு. இவர்கள் திரட்டிய சாட்சியம் அந்தரங்க உரிமையை மீறுகிறதா என்ற கேள்வி ஸ்காட்லாந்திலிருந்து பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலையில் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை என்றார்கள். குழந்தை என்று நம்பி அனுப்பிய பாலியல் செய்திக்கு அந்தரங்கப் பாதுகாப்பு கேட்க முடியாது. குழந்தைகளைக் காப்பது அரசின் கடமை என்றது தீர்ப்பு. சட்டப்படி சரி. ஆனாலும் நேரலைக் கலாச்சாரத்துக்கு அது மறைமுகமான தைரியத்தையும் கொடுத்துவிட்டதோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

தொட்டே பார்க்காத குற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடக்கு அயர்லாந்து வழக்கு ஒன்று போதும். நியூரி அருகே பெற்றோர் வீட்டில் இருந்தபடி ஓர் இளைஞர் சிறுமி வேடத்தில் ஸ்னாப்சாட் வழியாகப் பல நாட்டுக் குழந்தைகளைப் பழக்கப்படுத்தி மிரட்டினார். அவர்களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி 2018இல் தற்கொலை செய்துகொண்டாள். அவளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. 2024 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையும், குறைந்தது 20 ஆண்டுகள் சிறையும் விதித்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும் அதில் அடக்கம். கனடா உச்ச நீதிமன்றம் 2020இல் ஃப்ரீசன் வழக்கில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை உயர வேண்டும் என்று கீழமை நீதிமன்றங்களுக்குச் சொன்னது. அதே நீதிமன்றம் 2023இல், இணையவழியில் குழந்தையை வசப்படுத்துவதே தனித் தீங்கு என்று விரித்து எழுதியது. அந்தத் தீர்ப்பிலேயே அக்குற்றத்துக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்தும் செய்தது. இரண்டும் முரணாகத் தோன்றலாம். கடுமையாகத் தண்டி, ஆனால் வழக்கைப் பார்த்துத் தண்டி என்பதே அதன் பொருள்.

இவை உச்சங்கள். அன்றாட வழக்கு வேறு மாதிரி இருக்கும். 15ஏ பிரிவில் நீதிபதி 15 மாதம் என்று கணக்கிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழியும். மீதி 10 மாதம். இந்த அளவுத் தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்பதால் அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடக்கூடும். சிறையில் ஒருநாள்கூட இல்லை. ஆனால் 6 மாதத்துக்கு மேல், 30 மாதத்துக்குக் கீழ் என்ற கட்டத்தில் அந்தத் தண்டனை விழுவதால், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் 10 ஆண்டு இருப்பார். பெயர், முகவரி, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு விவரங்களையெல்லாம் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்றம் இருந்தால் 3 நாளுக்குள் நேரில் சொல்ல வேண்டும். வெளிநாடு போவதென்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 30 மாதமும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவருக்குப் பதிவு காலவரையற்றது. மறுபரிசீலனைக்கே இடமில்லாத ஆயுள் பதிவு மனித உரிமைக்கு முரணானது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன பிறகு, பெரியவர்கள் 15 ஆண்டு கழித்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி செய்தார்கள்.

பதிவேட்டுக்கு மேலேதான் அந்தத் தாள் வருகிறது. ‘பாலியல் தீங்குத் தடுப்பு ஆணை’ என்பது அதன் சட்டப் பெயர். 2015 மார்ச்சில் பழைய ஆணை ஒன்றின் இடத்தில் வந்தது. இப்போது 2020ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. பொதுமக்களை, குறிப்பாகக் குழந்தைகளைப் பாலியல் தீங்கிலிருந்து காக்க அவசியம் என்றால் மட்டுமே பிறப்பிக்கலாம். குறைந்தது 5 ஆண்டு. மேல் எல்லை இல்லை. மீறினால் அதுவே 5 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம்.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதற்கு 2011இல் நீதிபதி ஹியூஸ் தலைமையில் வந்த ஸ்மித் தீர்ப்பு இன்றைக்கும் அடித்தளம். அதுவரை ‘இணையமே கூடாது’ என்று ஒரே வரியில் எழுதிவிடும் நீதிபதிகள் இருந்தார்கள். கட்டணம் கட்டுவதும் வேலை தேடுவதும் இணையத்தில் என்றான பிறகு அப்படி எழுதுவது ஒருவரை வாழ்க்கையிலிருந்தே விலக்கிவைப்பதற்குச் சமம் என்றது தீர்ப்பு. வேலைக்கும் படிப்புக்கும் மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதினால் எல்லைக்கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. வடிகட்டும் மென்பொருள் போடச் சொன்னால் அது வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? கடைசியில் நீதிமன்றம் தேர்ந்தது எளிமையான ஒரு வழி. இணையம் பயன்படுத்தலாம், ஆனால் பார்த்தவற்றின் வரலாறு கருவியில் பதிவாகி இருக்க வேண்டும், அதை அழிக்கக் கூடாது, போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும்.

தொடர்புத் தடையிலும் அதே நிதானம். 16 வயதுக்குட்பட்ட எவரோடும் பேசக் கூடாது என்று மொட்டையாக எழுதினால், கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும் பையனிடம் நன்றி சொன்னாலும் சிறை. ஆகவே ‘அன்றாட வாழ்வில் தற்செயலாக நேர்வதும் தவிர்க்க இயலாததும் நீங்கலாக’ என்ற விதிவிலக்கு சேர்ந்தது. குற்றத்தைப் பற்றி முழுதும் அறிந்த பெற்றோரின் சம்மதமும் சமூகநலத் துறையின் ஒப்புதலும் இருந்தால் தடை தளரும். குற்றம் 16 வயதுக்குட்பட்டோர் சம்பந்தப்பட்டது என்றால் காரணமில்லாமல் தடையை 18 வரை நீட்டாதே என்றும் தீர்ப்பு சொன்னது. சின்னத் திருத்தங்கள் போலத் தெரியும். பின்பற்றவே முடியாத நிபந்தனையை எழுதினால் மீறல் வழக்குகள்தான் பெருகும், குழந்தைக்குப் பாதுகாப்பு கூடாது என்ற புரிதல் அவற்றின் பின்னே இருக்கிறது.

ஆறே ஆண்டுகளில் ஸ்மித்தின் வாக்கியங்களுக்கு வயதாகிவிட்டது. வரலாறே பதிவாகாத உலாவல் முறை பரவலாகிவிட்டது. படங்கள் கருவியில் இல்லாமல் மேகச் சேமிப்பில் இருந்தன. கைபேசிகள் தாமாகவே குறியாக்கம் செய்தன. 2017இல் பார்சன்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிபந்தனைகளைப் புதுப்பித்தது. இணையத்துக்கு முழுத்தடை என்பது அப்போதும் மிக அபூர்வமானதாகவே இருக்க வேண்டும். ஆனால் போலீஸ் நிறுவும் கண்காணிப்பு மென்பொருளுக்கு உட்படச் சொல்லலாம். மேகச் சேமிப்பைத் தெரிவிக்கச் சொல்லலாம். கருவியோடு பிறந்த குறியாக்கத்தை விட்டுவிட்டு, வேண்டுமென்றே நிறுவும் மறைப்பு மென்பொருளை மட்டும் தடுக்கலாம். கருவியோடு பிறந்தது, வேண்டுமென்று நிறுவியது என்ற இந்தப் பிரிப்பு முக்கியம். அது இல்லாவிட்டால் கடையில் வாங்கிய புதுப் போனை இயக்கியதுமே ஆணையை மீறியவராகிவிடுவார். 2022 நவம்பர் முதல் ‘செய்யாதே’ என்பதோடு ‘செய்’ என்றும் இந்த ஆணைகளில் எழுதலாம்.

தாள் தானாக எதையும் தடுத்துவிடாது. அதற்கென்று உள்ள காவல் அதிகாரி முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டி, போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் அதற்கு உயிர். இந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் பலரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. காலவரையற்ற ஆணையை யோசிக்காமல் எழுதாதே என்று 2017இல் இன்னொரு தீர்ப்பு எச்சரித்ததற்கு மனித உரிமை மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. எல்லாரையும் சாகும்வரை கண்காணிப்பது என்றால் யாரையும் ஒழுங்காகக் கண்காணிக்க முடியாது.

அமெரிக்கா எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. அங்கே மத்தியச் சட்டப்படி இணையம் வழியாகக் குழந்தையைப் பாலியலுக்கு வசப்படுத்தினால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் ஆயுள். சிறைக்குப் பிறகு 5 ஆண்டு முதல் ஆயுள்வரை கண்காணிப்பு. வட கரோலினா மாநிலம் 2008இல் இதற்கு மேலும் போய், பதிவேட்டில் உள்ள எவரும் குழந்தைகள் கணக்கு வைத்திருக்கக்கூடிய சமூக வலைத்தளத்தில் நுழைவதே குற்றம் என்றது. தண்டனைக் காலத்தை முடித்துவிட்ட ஒருவர், தன் போக்குவரத்து அபராத வழக்குத் தள்ளுபடியான மகிழ்ச்சியை 2010இல் ஃபேஸ்புக்கில் எழுதினார். அதற்காக வழக்கு. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. ஊர் மன்றம் கூடும் இடம் இப்போது இணையம்; அங்கே காலெடுத்து வைப்பதையே தடுக்க முடியாது என்பது நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம். குழந்தையைத் தொடர்புகொள்வது போன்ற குறிப்பிட்ட செயலைத் தடுக்கும் குறுகிய சட்டத்துக்குத் தடையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சட்டமன்றத்தில் அகலமாக எழுதியதை நீதிமன்றம் குறுக்கச் சொன்னது. இங்கிலாந்து நீதிபதிகள் ஸ்மித் வழக்கில் தாமாகவே வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ அதுதான்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, இங்கிலாந்தின் 15ஏ பிரிவுக்கு முன்பே வந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாலியல் நோக்கில் குழந்தைகளை இணைய உறவுக்குப் பழக்குவதும் ஆசைகாட்டுவதும் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன. முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை 7 ஆண்டு வரை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் மின்னணு வழியில் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாலியல் துன்புறுத்தலாக இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. ஆனால் தாக்குதல் வரை போன வழக்கில் 10 ஆண்டு, 20 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனையுள்ள பிரிவுகள் முன்னுக்கு வந்துவிடும். இன்ஸ்டாகிராமில் நடந்த மாதக்கணக்கான பழக்கம் வெறும் முன்கதையாகச் சுருங்கிப்போகும்.

எண்ணத்தைத் தண்டிக்கும் போக்கு இங்கும் வந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தனியே பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போக்சோவின் 15ஆம் பிரிவு தண்டிப்பது எண்ணத்தோடு வைத்திருப்பதை. அந்த எண்ணத்தை வைத்திருந்த விதத்திலிருந்தே ஊகிக்கலாம் என்றது.

ஆண்டுகள் வரை வந்துவிட்டோம். நிபந்தனைத் தாள்தான் இல்லை. அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவும் எனக்குத் தயக்கம். நம் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் குழந்தைதான். 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலிக்கும் வழக்குகள் போக்சோ நீதிமன்றங்களில் குவிவதைப் பார்த்துத்தான், 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் வயது வரம்பை 16 ஆக்குவதைப் பரிசீலிக்கச் சொன்னார். அந்தப் பையன் மீதும் 10 ஆண்டுக் கண்காணிப்பு ஆணை விழுந்தால் அது யாரைக் காக்கும்? யாருக்கு ஆணை, யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கும் அபாய மதிப்பீடு முதலில் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற நன்னடத்தை அலுவலர்கள் வேண்டும்.

இன்றைய நிலையில் ஒரு போக்சோ நீதிபதி தீர்ப்பு நாளில் சிறை விதிக்கலாம், அபராதம் போடலாம், 33ஆம் பிரிவின்படி குழந்தைக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட கைபேசியைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 76ஆம் பிரிவின் கீழ்ப் பறிமுதல் செய்யலாம். 2018 செப்டம்பரில் உள்துறை தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் அவர் பெயர் ஏறும். காவல் துறையினர் மட்டும் அதைப் பார்க்கலாம். விடுதலையாகி வந்து அவர் வாங்கும் அடுத்த கைபேசியைப் பற்றி அந்த நீதிபதி ஒரு வரி எழுத, போக்சோவில் பிரிவு இல்லை.